சுமதி அத்தையின் சாமை பீர்

அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெங்களூரில் சுமதி அத்தையோடு வேலை செய்தவர் பேசினார். அப்பா "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு ஈரக் கையோடு போனை என்னிடம் நீட்டி, "அத்த பூட்டாளாம் பாப்பா" என்றார்.

ஊரடங்கு நேரம். கொரோனாவில் போனவரை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். எங்களில் யாரும் முகம் பார்க்கவில்லை. அதனாலோ என்னவோ, எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அன்று மாலை உட்கார்ந்து பள்ளிக்கூடக் கணக்குகளைப் போட்டேன். எல்லாம் சரியாக வந்தன.

வாட்ஸ்அப்பில் போட அஞ்சலிப் படம் செய்துகொடுத்த ஃபிளெக்ஸ் கடைக்காரர் கேட்டார்: "பேருக்குக் கீழ இன்னா வேலன்னு போடறதுண்ணா?" அப்பா சொன்னார்: "ஜூஸ் கம்பெனி கெமிஸ்ட்டுன்னு போடு."

கள்ளக்குறிச்சியில் அத்தையோடு படித்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அத்தை ஜூஸ் கம்பெனியில் வேலை செய்யவில்லை. பெங்களூரில் ஒரு சின்ன பீர் ஆலையில் பீர் காய்ச்சினார். எங்கள் தாத்தா கள்ளச்சாராயம் குடித்து இறந்தவர். அத்தை அப்போது கைக்குழந்தை. அப்பா அன்றுவரை ஒரு சொட்டும் குடித்ததில்லை. அதனால் எங்கள் வீட்டில் அத்தையின் வேலைக்கு 'ஜூஸ்' என்று பெயர்.

போன தீபாவளிக்கு ஊருக்கு வந்த அத்தை என்னை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வெள்ளிமலைக்குப் போனார். மலைச் சாமையைப் போட்டு பீர் காய்ச்சிப் பார்க்க ஆசை. சாமை விற்ற பெண் முறத்தில் புடைத்துக்கொண்டே கேட்டார், "இத்தினி சாமைய வச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

"பீரு காய்ச்சப் போறேன்க்கா."

முறம் நின்றது. "அதுக்கு பெங்களூரு வரைக்குமா போவ? போலீசு வராது?"

"லைசென்சு இருக்குதுக்கா."

"காய்ச்சறதுக்கு லைசென்சா! இது தெரியாம எங்க மாமனாரு ரெண்டு வாட்டி ஜெயிலுக்குப் போய் வந்துட்டாரே!"

அத்தை இறக்கம் முழுக்கச் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். ஊரில் அத்தை தன் வேலையை உள்ளபடி சொன்னது அந்த ஒருவரிடம்தான் என்று நினைக்கிறேன்.

பொங்கலுக்கு அத்தை மறுபடி வந்தபோது இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆர்ப்பாட்டத்தில் அப்பா மைக் பிடித்தார். "எங்க வூட்லயே உதாரணம் இருக்குது! என் தங்கச்சி இட ஒதுக்கீட்டுலதான் காலேஜி சீட்டு வாங்குனா. இன்னிக்கி பெங்களூர்ல ஜூஸ் கம்பெனில கெமிஸ்ட்டு!" எல்லாரும் கை தட்டினார்கள். என் பக்கத்தில் நின்ற அத்தை முகக்கவசத்துக்குள் சிரித்தார். தோள் குலுங்கியது. "சீட்ட மைக்ல சொல்றாரு. வேலைய மட்டும் சொல்ல மாட்டேங்கிறாரு பாரு பாப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் துண்டில் சுற்றி வைத்திருந்த இரண்டு பாட்டில்களை எடுத்தார். "அண்ணா, மலைச் சாமைல நானே யோசிச்சி நானே காய்ச்சுன பீரு. ஒரே ஒரு வாய் குடிச்சிப் பாரு."

"அப்பாவத் தூக்கியாந்தது நானு. உனக்கு அது தெரியாது."

"நீ சொல்லித் தெரியும்ணா. அதனாலதான் எது எவ்ளோன்னு அளந்து காய்ச்சறேன்."

அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அத்தை ஒரு பாட்டிலைத் திறந்து கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். வடிகட்டிய கரும்புச் சாற்றின் நிறம். மேலே கறந்த பாலின் நுரை. நான் கை நீட்டியதும் தட்டிவிட்டார். "குடிக்கறதுக்கு உனக்கு வயசு பத்தாது. மோந்து பாரு. மூக்குக்கு வயசு கெடையாது." குளிர் நாட்டில் வளரும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூதான் இதற்குக் கசப்பும் வாசனையும் தருகிறது என்றார். ஆலையில் எல்லா வாசனைக்கும் ஆங்கிலத்தில்தான் பெயராம். "நீதான் எந்நேரமும் புக்கும் கையுமா இருக்கியே, இதுக்குத் தமிழ்ல ஒரு வார்த்த சொல்லு."

"நறுமணம்" என்றேன்.

"அது சோப்பு டப்பால இருக்கறது. நல்லா மோந்து பாத்து சொல்லு."

கண்ணை மூடி முகர்ந்தேன். "நார்த்தை இலையைக் கசக்குனா வர வாசனை."

அத்தை டம்ளரைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். வெகுநேரம் அப்படியே இருந்தார். "இதத்தாண்டி இத்தினி வருஷமா தேடிக்கினு இருந்தேன்." பிறகு மெதுவாகக் குடித்தார். "மொத வாய்ல நாக்கு திட்டும். ரெண்டாவது வாய்லதான் வாசன பேச ஆரம்பிக்கும்."

இன்னொரு பாட்டிலை ஃபிரிட்ஜில் மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்தார். உள்ளே வந்த அப்பாவிடம் சொன்னார்: "வாசன சீக்கிரமா ஓடிடும்ணா. கோடைக்குள்ள குடிச்சிடு." அப்பா அதைக் குடிக்கவில்லை. தூக்கி எறியவும் இல்லை.

கடைசியாக அத்தை எனக்கு அனுப்பிய குரல் செய்தி இது: "பாப்பா, வாசன தெரியல. காபித் தூளு, சோப்பு, ஒண்ணுமே தெரியல." சரியாகிவிடும் அத்தை என்று பதில் போட்டேன்.

இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வழக்கம். தாத்தாவின் படையலுக்கு வருஷா வருஷம் அப்பாவே கடைக்குப் போய், யாருடனும் பேசாமல், ஒரு குவார்ட்டர் வாங்கி வந்து வைப்பார். அத்தையின் காரியத்தன்று அம்மா கருவாட்டுக் குழம்பும் அடையும் படைத்தார். அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் மாவு டப்பாவை நகர்த்தி அந்தப் பாட்டிலை எடுத்து வந்தார். திறந்து டம்ளரில் ஊற்றி அத்தையின் படத்துக்கு முன் வைத்தார்.

கற்பூரம் அணைந்ததும் டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. "கசக்குது."

"ரெண்டாவது வாய் குடிக்கணும்பா. அத்தை சொன்னாங்க."

குடித்தார். "அவ சொன்ன வாசன ஒண்ணும் காணமே."

வாங்கி முகர்ந்து பார்த்தேன். போய்விட்டிருந்தது. கோடை முடியப் போகிறது.

கொல்லைக்குப் போய் நார்த்தை இலை ஒன்றைக் கிள்ளி வந்து, கசக்கி, அப்பாவின் மூக்கருகே பிடித்தேன். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாய் குடித்தார். டம்ளர் காலியாகும்வரை என் கையை விடவில்லை.

அத்தையைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அப்பாவிடம் முன்பே சொல்லியிருந்தேன். வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எழுதறப்ப ஜூஸுன்னு எழுதாத. பீருன்னே எழுது. சாமைல காய்ச்சுனான்னு எழுது."

எழுதிவிட்டேன். இப்போதெல்லாம் புத்தகத்தில் படித்த ஒரு சொல்லை எழுதுவதற்கு முன் கண்ணை மூடி அதை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன். அத்தையிடமிருந்து எனக்கு வந்தது அதுதான். இன்னும் அழவில்லை. விரலில் நார்த்தை வாசனை இருக்கிறது.