மடிப்பம்மாவின் விரிப்பு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பாட்டிக்கு மடிப்பம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் இயந்திரங்கள் போடும் இரைச்சலில் பதில் காதில் விழுந்திருக்காது. துவைத்துக் காய்ந்து வரும் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்குவதுதான் அவள் வேலை. கணவன் கண்ணை மூடிய கையோடு அங்கே சேர்ந்தவள், இரண்டு பையன்களையும் அந்தச் சோப்பு வாசனையிலேயே வளர்த்து ஆளாக்கினாள். விரல் தோல் உரிந்து, முழங்கால் தேய்ந்து, பேத்தி எடுத்த பிறகும், "வீட்டுல உக்காந்தா துருப்பிடிச்சிடுவேன்" என்று கிளம்பிவிடுவாள்.

பெரிய விரிப்பை ஒரே ஆள் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, உதறி, இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து சேர்க்க வேண்டும். பாட்டி வீட்டுப் பஞ்சாயத்தும் இதுதான். பையன்கள் சண்டை போட்டால் யார் பக்கம் நியாயம் என்று விசாரிக்கவே மாட்டாள். துவைத்த விரிப்பைத் தூக்கி நடுவில் போட்டு, "மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டே பிடிங்கடா, பரவாயில்ல" என்பாள். பிடித்துத்தான் ஆக வேண்டும். எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வதற்குள் யாராவது ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். மடித்ததை அவள் இரண்டு கையாலும் வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு அலமாரிக்குப் போவாள். வழக்கு தள்ளுபடி. இருவரும் கல்யாணமாகி மாடியும் கீழுமாகக் குடியிருந்தபோதும் இதே சட்டம்தான். பேத்தி கட்டிலில் உட்கார்ந்து எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

ஒரே ஒரு சண்டையில் அந்தச் சட்டம் செல்லாமல் போயிற்று. பாட்டி வேலையை விட்டே ஆக வேண்டும் என்று மூத்தவர், பேத்தியின் அப்பா, ஒற்றைக்காலில் நின்றார். "அவங்களுக்குப் பிடிச்சிருக்கு, போகட்டுமே அண்ணா" என்றார் சித்தப்பா. பாட்டிக்கு அது போதும். மறுநாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். கொஞ்ச நாளிலேயே சலவைக்கூடத்து ஈரத் தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

"நீ குடுத்த தைரியம்தான்டா அவங்களைப் படுக்கையில போட்டுச்சு" என்றார் அப்பா.

சித்தப்பா வேறு தெருவில் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். விரிப்பைக் கொடுத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டியவளோ அதன் மேலேயே படுத்துக் கிடந்தாள்.

அப்பா வேலைக்குப் போன பிறகு சித்தப்பா வருவார். பாட்டியின் காலைப் பிடித்துவிட்டு, அண்ணன் திரும்புவதற்குள் போய்விடுவார். தன் தட்டில் இருப்பதைக்கூடப் பிறர் தட்டில் தள்ளியே பழகிய பாட்டி, வாயைத் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு தடவை பாத்துட்டா போதும்டி."

பேத்தி இருவரிடமும் மாறி மாறிக் கெஞ்சினாள். "அவனே வரட்டும்" என்றார் ஒருவர். "அண்ணன் கூப்பிடட்டும்" என்றார் இன்னொருவர். தலை நரைத்தும் வீம்பு நரைக்கவில்லை. அவளுக்கு இருவர் மேலும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கடைசியில் அவள் அழுத அழுகையைப் பார்த்து, ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சித்தப்பா இறங்கி வந்தார். அப்பாவும் சரி என்று முனகினார்.

விஷயத்தைக் கேட்டதும் பாட்டியின் முகத்தில் பழைய களை வந்தது. "துவைச்ச பெட்ஷீட் ஒண்ணை மடிக்காம அந்த நாற்காலியில போட்டு வை. வரட்டும், ரெண்டு பேருக்கும் வேலை இருக்கு" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை, பேத்தி பால் ஆற்றிக்கொண்டிருக்கும்போதே பாட்டி போய்விட்டாள்.

எல்லாம் முடிந்து, வந்தவர்களும் கலைந்து போன பிறகு, அந்த அறையில் மூன்று பேர் மிஞ்சினார்கள். நாற்காலியில் விரிப்பு அப்படியே கிடந்தது. அப்பா அதை எடுத்து மடிக்கப் பார்த்தார். ஒரு முனை கைக்கு வந்தால் இன்னொன்று தரையில் புரண்டது. சுவரோரம் நின்றிருந்த சித்தப்பா வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு வந்து, குனிந்து, கீழே கிடந்த முனைகளை எடுத்தார்.

உதறினார்கள்.

"இழுத்துப் பிடிடா" என்றார் அப்பா.

"பிடிச்சிட்டுதான் இருக்கேன்" என்றார் சித்தப்பா.

பாட்டி விழுந்த நாளுக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அதுதான் முதல் தடவை. எதிரெதிரே நடந்து வந்தார்கள். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மடித்து முடித்ததும், ஆளுக்கொரு பக்கம் பிடித்தபடி, கட்டில் பக்கம் திரும்பி நின்றார்கள்.

"இந்தாம்மா" என்றார் அப்பா, பழக்கத்தில்.