பத்து பென்னிக் இடைவெளி

எக்கார்ட் பைல்ஹார்ட்ஸ் இருபத்தாறு வருடங்களில் உட்கார்ந்து எழுந்த கார்களின் விலையைக் கூட்டினால் எங்கள் வைலிங்கன் ஊரை, தேவாலயத்தையும் சேர்த்து, இரண்டு முறை வாங்கலாம். அவர் சொந்தமாக வைத்திருந்ததோ பத்தொன்பது வயதான ஒரு சின்ன டப்பா வண்டி. அதன் டேஷ்போர்டுப் பெட்டியின் மூடி ஒரு ரப்பர் பேண்டின் தயவில் நின்றுகொண்டிருந்தது. முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் கார்களுக்குள் உட்கார்ந்து, "மூடியின் ஓரம் அரை மில்லிமீட்டர் விலகியிருக்கிறது, ஒரு புள்ளி குறைவு" என்று நாட்டுக்கே தீர்ப்பு எழுதுகிற மனிதர், சாயங்காலம் அந்த ரப்பர் பேண்டை இழுத்து மாட்டிவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். இதில் அவருக்கு எந்த முரணும் தெரிந்ததில்லை. சொந்த வண்டிக்கு யார் புள்ளி போடப்போகிறார்கள்?

ஸ்டுட்கார்ட்டிலிருந்து வரும் கார் பத்திரிகையில் அவருக்கு வேலை. இரண்டு போட்டிக் கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, எழுநூறு புள்ளிக்கு அளந்து, ஒன்றை ஜெயிக்கவைத்து இன்னொன்றின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொள்வதுதான் அந்தப் பத்திரிகையின் பிழைப்பு. இஞ்சினையும் பிரேக்கையும் இளசுகள் பார்த்துக்கொள்வார்கள். உட்புறத் தரம் மட்டும் எக்கார்ட்டின் தனி ராஜ்ஜியம். அதற்கு ஐம்பது புள்ளி. சீட்டுத் தோலை முகர்ந்து பார்ப்பார், தையலை எண்ணுவார், குமிழ்களை ஆட்டுவார், விரல் முட்டியால் கதவைத் தட்டிக் காதை வைப்பார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து அந்தக் காசு வெளியே வரும். பழைய ஜெர்மன் சில்லறை, பத்து பென்னிக் காசு, 1979ஆம் வருடத்தது, ஓரத்தில் ஒரு வெட்டுடன். இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் அந்தக் காசு நுழைந்தால் ஒரு புள்ளி போச்சு. மார்க் போய் யூரோ வந்து எட்டு வருடம் ஆகியும் அவர் காசை மாற்றவில்லை. ஐம்பதுக்கு ஐம்பது யாருக்கும் கொடுத்ததும் இல்லை. கொடுத்துவிட்டால் அடுத்த வருடம் என்ன செய்வது என்பது அவர் கவலை.

எங்கள் பக்கத்தில் எதையும் யாரும் நன்றாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட மாட்டார்கள். குறை சொல்லாமல் தட்டைக் காலி செய்தால் சமையல் பிரமாதம் என்று அர்த்தம். எக்கார்ட் கல்யாணத்துக்குக் கேட்டபோது கெர்லிண்டே கொஞ்சம் யோசித்துவிட்டு, "இதைவிட மோசமாவும் அமைஞ்சிருக்கலாம்" என்றாள். மனிதருக்கு மூன்று நாள் கால் தரையில் பாவவில்லை.

கெர்லிண்டேயின் அண்ணன் ரோலண்ட் ஷ்டைம்லே ஊர் எல்லையில் இருக்கும் ஹேர்லே கார் தொழிற்சாலையில் மேஸ்திரி. ஹேர்லே என்றால் வருடத்துக்கு ஆயிரத்து இருநூறு கார், அவ்வளவும் பணக்கார விளையாட்டு. வாங்குகிறவன் துபாயில் இருக்கிறான், செய்கிறவன் வைலிங்கனில் சைக்கிளில் போகிறான். ரோலண்ட் அங்கே முப்பத்தோரு வருடமாகப் பொருத்தியது ஒரே ஒரு சாமான்: டேஷ்போர்டுப் பெட்டியும் அதன் மூடியும். "என் மூடி இதுவரைக்கும் வாயைத் திறந்து பேசினதில்ல" என்பார். அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிற பெருமை அவ்வளவுதான். அந்த டிசம்பரோடு ஓய்வு. ஞாயிறுதோறும் தங்கை வீட்டில்தான் மதியச் சாப்பாடு. மச்சான்கள் இருவரும் பருப்பும் ஷ்பெட்ஸ்லே நூடுல்ஸும் தின்றுகொண்டே கார்களைத் திட்டுவார்கள். ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டதில்லை. அதுவே பெரிய பாசம்.

அந்த வருடம் செப்டம்பரில் புதிய ஹேர்லேயும் இத்தாலியின் தொர்ரியானியும் மோதின. தொர்ரியானி அழகில் ஜெயிக்கும், சத்தத்தில் ஜெயிக்கும், அதெல்லாம் எங்களுக்கும் தெரியும், வருத்தமும் இல்லை. ஆனால் உட்புறத்தில் பாகங்களைப் பொருத்துவதில் இத்தாலிக்காரன் நம்மை மிஞ்சுவான் என்று யாராவது சொன்னால் ஊரில் சிரித்தே செத்துவிடுவார்கள்.

காலையில் இரண்டு கார்களையும் நிறுத்திவைத்துக் காசு விட்டுப் பார்த்தார் எக்கார்ட். ஹேர்லேயில் எங்கேயும் நுழையவில்லை. நாற்பத்தாறு புள்ளி என்று குறிப்பெழுதும்போது போட்டோகாரர் கூப்பிட்டார், எழுந்து போனார். மத்தியானம் கல் பாவிய தேவாலயத் தெருவில் ஓட்டியபோதுதான் அது கேட்டது. கிலுக், கிலுக். வலது பக்கம், பெட்டி மூடியிலிருந்து. கையால் அழுத்தினால் கொஞ்சம் அடங்கியது, எடுத்தால் மறுபடி கிலுக். எக்கார்ட் நான்கு முறை அதே தெருவில் போய் வந்தார். அது யாருடைய மூடி என்பது அவருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்ததனால்தான் ஐந்தாவது முறையும் போனார். பிறகு நாற்பத்தாறை அடித்து நாற்பத்தைந்தாக்கினார். மொத்தக் கணக்கில் தொர்ரியானி 612, ஹேர்லே 611.

பத்திரிகை வந்த அன்று பேக்கரியில் அவருக்கு நேற்றைய பிரெட்செல் ரொட்டி கிடைத்தது. வீட்டுக்கு வீடு மாறி வரும் தெருவாசல் பெருக்கும் முறை அந்தச் சனிக்கிழமை அவருடையது. பெருக்கி முடித்து உள்ளே போனதும் எதிர்வீட்டுக்காரர் வந்து அதே இடத்தை மறுபடி பெருக்கினார். ஞாயிற்றுக்கிழமை ரோலண்ட் வரவில்லை. கெர்லிண்டே மூன்று தட்டு வைத்தாள், ஒன்றைத் திருப்பி எடுத்துவைத்தாள்.

"உண்மைய எழுதினேன். மாமன் மச்சான்னு பார்த்தா புள்ளி போட முடியுமா?" என்றார் எக்கார்ட்.

"நான் ஏதாவது கேட்டேனா?" என்றாள் அவள். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் எதையும் கேட்கவில்லை.

இதற்கு நடுவில் அந்தக் காசையும் காணோம். சட்டைப் பைகளையெல்லாம் உதறிப் பார்த்தார், போட்டோகாரரின் வேனைக் குடைந்தார். வேறு வழியில்லாமல் பத்து சென்ட் காசு ஒன்றை எடுத்துக்கொண்டார். புதுக் காசு தடிமன் அதிகம், எந்த இடுக்கிலும் நுழைய மறுத்தது. அந்த மாதம் எல்லாக் கார்களுக்கும் புள்ளி ஏறியது. பைல்ஹார்ட்ஸுக்கு வயதாகி மனசு இளகிவிட்டது என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள்.

நாலாவது ஞாயிறு ரோலண்ட் வந்தார். தொப்பியைக் கழற்றினார், உட்கார்ந்தார், இரண்டு தட்டு பருப்பு சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டு கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து எக்கார்ட்டின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து பென்னிக், ஓரத்தில் வெட்டு.

எக்கார்ட் காசைத் திருப்பி அந்த வெட்டைத் தடவிப் பார்த்தார்.

"எங்க கெடச்சுது?"

"நீயே சொல்லேன் பார்ப்போம். கெட்டிக்காரனாச்சே."

"மச்சான்..."

"மூடிக்குப் பின்னால, சட்டத்து மேல. படுத்துக்கிட்டு கிலுக் கிலுக்னு பாடிட்டிருந்துச்சு."

எக்கார்ட்டின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. சொன்னால் நம்பமாட்டீர்கள், மனிதர் அந்த நிலையிலும் சட்டம் பேசினார். "இரு இரு. காசு உள்ள போயிருக்குன்னா, இடைவெளி பெருசுன்னுதானே அர்த்தம்? அப்படிப் பார்த்தா ஒரு புள்ளி..."

"எக்கார்ட்!" என்றாள் கெர்லிண்டே.

"விடு, பேசட்டும்" என்றார் ரோலண்ட். "மூடி வழியா போகலடா. முன்கண்ணாடிக்குக் காத்து வர்றதுக்குன்னே விட்டிருக்கற ஓட்டை வழியா போயிருக்கு. டேஷ்போர்டு மேல காச வெச்சிட்டு எந்திரிச்சுப் போனது யாரு, நானா?"

எக்கார்ட்டுக்குப் போட்டோகாரரின் குரல் ஞாபகம் வந்தது. கரண்டியைக் கீழே வைத்தார்.

மீதியை ரோலண்ட் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். திரும்பி வந்த காரை பதினோரு இஞ்சினியர்கள் சூழ்ந்துகொண்டார்களாம். குலுக்கும் மேடையில் ஏற்றி ஒரு வாரம் குலுக்கினார்களாம். மூடியின் ஓரத்தில் பதினாலு சென்டிமீட்டர் கம்பளிப் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும் என்று முடிவெடுத்து, ஒட்டும் வேலையை ரோலண்டிடமே கொடுத்தார்களாம். பெட்டியைக் கழற்றினால் காசு. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பட்டையை ஒட்டி, மாட்டிக் கொடுத்தார். சத்தம் போய்விட்டது. பதினோரு பேரும் கை தட்டினார்கள், கம்பளிப் பட்டைக்கு.

"ஏன் சொல்லல நீ?" என்றார் எக்கார்ட்.

"சொல்லியிருந்தா நாடே சிரிச்சிருக்கும். பைல்ஹார்ட்ஸ் தன் காசுக்கே புள்ளி போட்டான்னு. உன் பொழப்பு போச்சுன்னா இவதான கஷ்டப்படணும்." தங்கையைக் காட்டினார். "எனக்குத் தெரிஞ்சா போதும்னுதான் நெனச்சேன். ஆனா ரெண்டு வாரமா ஒவ்வொரு வண்டிக்கும் அந்தக் கந்தல என் கையாலயே ஒட்டறேன். இல்லாத நோவுக்குக் கட்டுப் போடற மாதிரி. முப்பத்தோரு வருஷம் கழிச்சு, போற நேரத்துல. சரி, உனக்கும் தெரியட்டும்."

காசைத் திரும்ப எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு தொப்பியை மாட்டினார். "பருப்புல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் அவளுடைய சமையலில் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. கெர்லிண்டே கதவைச் சாத்திவிட்டு அழுதாள்.

எக்கார்ட்டைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் அடுத்தவனுக்கு ஒரு அளவு, தனக்கு ஒரு அளவு என்று இருந்ததில்லை; ரப்பர் பேண்டைத் தவிர. திங்கட்கிழமை காலை பத்திரிகை ஆசிரியர் நோர்பர்ட்டின் மேஜையில் ஒரு பக்கத் திருத்தத்தை வைத்தார்.

நோர்பர்ட் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "பைல்ஹார்ட்ஸ், இது யாருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு."

"அப்ப மூணு பேரோடயே இருக்கட்டுமே! ஜனங்க உங்க காச நம்பி லட்சக்கணக்குல செலவு பண்றாங்க. நீங்க பாட்டுக்கு காச உள்ள போட்டுட்டேன்னு எழுதினா நாளைக்கு எந்தப் புள்ளியத்தான் நம்புவாங்க?"

"அச்சுல போடலேன்னா நானே போயி பேக்கரியில சொல்லிடுவேன்" என்றார் எக்கார்ட். எங்கள் ஊரில் பத்திரிகையைவிடப் பேக்கரிக்குத்தான் விற்பனை அதிகம் என்பது நோர்பர்ட்டுக்கும் தெரியும். ஒரு பக்கம் ஆறு வரியாகி, 114ஆம் பக்கத்தில், பனிக்கால டயர் விளம்பரத்துக்கு அடியில் வந்தது. சத்தம் சோதனையாளரின் காசினால் வந்தது. ஹேர்லேயின் மூடியில் குறை இல்லை. புள்ளி 612, இரண்டு கார்களும் சமம்.

தொர்ரியானிக்காரர்கள் ஒன்றும் சொல்லவில்லை. சண்டைக்கு வந்தது ஹேர்லே. கம்பெனி வக்கீலின் கடிதம் இப்படி இருந்தது: திருத்தத்தை ஏற்க இயலாது, குறை இருந்தது உண்மை, பதினோரு இஞ்சினியர்கள் அதை உறுதி செய்து, கம்பளிப் பட்டையால் தீர்த்திருக்கிறார்கள், புதிய விளம்பரப் புத்தகத்திலும் அது ஏற்கெனவே அச்சாகிவிட்டது. செய்யாத தப்பை ஒப்புக்கொள்ள ஒரு கம்பெனி வக்கீலை வைத்து வாதாடியதை எக்கார்ட் தன் அனுபவத்தில் அப்போதுதான் பார்த்தார். அதற்கு மேல் பத்திரிகை வாய் திறக்கவில்லை. பட்டை நிலைத்துவிட்டது. ரோலண்ட் டிசம்பர் கடைசி வரை அதை ஒட்டினார். எக்கார்ட்டை உட்புறத்திலிருந்து எடுத்து, கார் கூரைமேல் கட்டும் சாமான் பெட்டிகளைச் சோதிக்கிற வேலைக்கு மாற்றினார்கள். அதற்கு உட்புறம் என்று ஒன்று இருந்தது, ஆனால் யாரும் அதில் உட்காருவதில்லை.

பேக்கரியில் மட்டும் பிரெட்செல் சூடாக வந்தது.

ஜனவரி முதல் ஞாயிறு, ஓய்வுபெற்ற ரோலண்ட் ஒரு கருவிப் பையோடு வந்தார். வீட்டுக்குள் நுழையாமல் நேரே எக்கார்ட்டின் டப்பா வண்டியின் கதவைத் திறந்து உள்ளே குனிந்தார். முதலில் ரப்பர் பேண்ட் வெளியே வந்து விழுந்தது. ஒரு மணி நேரம் கழித்து நிமிர்ந்து கூப்பிட்டார்.

"வா. உக்காரு. பாரு."

எக்கார்ட் உட்கார்ந்தார். மூடி ஒரே அழுத்தில் சாத்திக்கொண்டது. விரல் முட்டியால் தட்டினார். ஓரத்தைத் தடவினார். ரோலண்ட் அந்தப் பழைய காசை நீட்டினார். மேலே, கீழே, இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தார், நுழையவில்லை. பழக்க தோஷம், காசை டேஷ்போர்டின் மேல் வைக்கப் போனார்.

"பைக்குள்ள போடுடா!" என்று கத்தினார் ரோலண்ட்.

வண்டியை எடுத்துக்கொண்டு தேவாலயத் தெருவுக்குப் போனார்கள். கல்லில் ஏறியதும் கதவு ஆடியது, சீட்டு முனகியது, பின்னால் எதுவோ டமடம என்றது, புகைக்குழாய் ஒரு பக்கம் புலம்பியது. மூடி மட்டும் பேசவில்லை. தெருக்கோடியில் திரும்பி இன்னொரு முறை வந்தார்கள். அப்போதும் பேசவில்லை.

"என்ன, குறை ஏதாவது?" என்றார் ரோலண்ட், ரோட்டைப் பார்த்தபடி.

எக்கார்ட் வண்டியை ஓரமாக நிறுத்தினார். மூடியை இன்னொரு முறை திறந்து சாத்தினார்.

"அம்பது" என்றார்.

ரோலண்ட் அந்தப் பக்கம் திரும்பி, மூடிய கடைகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கையில் எடுத்து, அதன் உட்புறத்தைத் தடவிக்கொண்டே, "சும்மா ஒளறாத. வண்டிய எடு, பருப்பு ஆறிடும்" என்றார்.