பாலத்தில் நாலு கட்டம்

பூதம் ஒருவரைப் பிடித்துவிட்டால் ஆள் முடிந்தது என்றுதான் நான் நம்பியிருந்தேன். சிரிக்காதீர்கள். கிளித்தட்டு விளையாடி வளர்ந்தவன் நான். அதில் எதிராளியின் விரல் முதுகில் பட்டாலே ஆட்டம் இழந்து வெளியே நிற்க வேண்டும்.

போன வருடம் ஒரு ஞாயிறு பின்னேரம், கோப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. மகளும் மூன்று சிநேகிதிகளும் இரண்டு வருடமாக ஒரு விளையாட்டு விளையாடி வந்தார்கள். அவர்களில் மயிலிட்டியிலிருந்து வரும் பிள்ளை கதையை நடத்துவாள். மற்றவர்களுக்குக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம். சண்டை வந்தால் கட்டம் போட்ட தாளில் காய்களை நகர்த்தி, இருபது முகத் தாயக்கட்டையை உருட்டுவார்கள். மகள் வில்லாளி. வில்லாளியின் பலமும் பட்ட காயங்களும் ஒரு தாளில் இருக்கும். வேடம் செத்தால் அந்தத் தாளைக் கிழித்துவிட வேண்டும் என்பது அவர்களே வைத்த சட்டம்.

அடுத்த கிழமை ஆளுக்கொரு கம்பஸுக்குப் படிக்கப் போகிறார்கள். அதனால் அன்றைக்குக் கடைசி ஆட்டம். வில்லாளியை உயிரோடு ஊர் சேர்க்க வேண்டும் என்று மகள் காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்பதால் என்னை இழுத்துவிட்டார்கள். கோடரி வைத்த குள்ளன் வேடம். என் வயிற்றைப் பார்த்துத்தான் தந்திருப்பார்கள்.

கதையில் ஆற்றுக்கு மேல் இடிந்துகொண்டிருந்த பாலத்தின் நடுவில் ஒரு பூதம் வில்லாளியைப் பிடித்தது. நான் துள்ளி எழும்பினேன். பிளேன்ரீக் கோப்பை கவிழ்ந்தது. "ஐயோ, பிள்ளை அவுட்!" என்று கத்தி, மகளின் தாளைப் பறித்துச் சாரத்து மடிக்குள் செருகிக்கொண்டேன். கிழிக்கட்டும் பார்ப்போம்!

"அங்கிள், பிடிச்சது மட்டுந்தான். காயம் ஒண்டுமில்லை. அவளால அசையேலாது, அவ்வளவுதான். தாளைத் தாங்கோ," என்றாள் மயிலிட்டிப் பிள்ளை.

"அப்பா, மானம் போகுது. பூதத்தைத் தள்ளுங்கோ. ஒரு கட்டம் தள்ளினாலே பிடி விட்டிடும்."

தாளைக் கொடுத்துவிட்டு, கோயிலில் தேங்காய் உடைக்கிற பக்தியோடு உருட்டினேன். மூன்று. பூதம் அசையவில்லை. அடுத்து அதன் முறை. மற்றக் கையால் என் குள்ளனைத் தள்ளி மல்லாக்க விழுத்தியது. அடுத்த சுற்று வரும்வரை நான் எழும்ப முடியாது. ஆனால் இந்தச் சுற்று முடியும்போது பாலம் விழும்.

மகள் உருட்டினாள். பத்தொன்பது. பிடியை உதறிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கரைக்கு நாலு கட்டம். அவளால் ஆறு கட்டம் ஓட முடியும். பூதத்துக்கு அம்பு விட என்று ஒரு மேலதிக வாய்ப்பையும் சேமித்து வைத்திருந்தாள்.

"அந்த வாய்ப்பில அப்பாவைப் பிடிச்சு இழுக்கிறன்."

"எடியே, ஆளை இழுத்தா பாதி வேகந்தான். மூண்டு கட்டந்தான் வரும்," என்றாள் கதை நடத்துகிறவள்.

"தெரியும்."

"என்னை விட்டிட்டு ஓடு பிள்ளை! நான் இரவல் ஆள்தானே!"

"விழுந்து கிடக்கிற ஆக்கள் கதைக்கக்கூடாது. சும்மா கிடவுங்கோ."

தன் காயை என் காயோடு ஒட்ட வைத்து, இரண்டையும் ஒரே விரலால் நகர்த்தினாள். ஒன்று. இரண்டு. மூன்று. மற்றவர்கள் கட்டத் தாளின் மேல் குனிந்து எண்ணினார்கள். நானோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தேன். தடிமன் என்று பிறகு சொல்லிச் சமாளித்தேன்.

பெற்ற பிள்ளை என்னைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் எந்தத் தகப்பன் கேட்பான்? இனிக் கேட்கவும் தேவையில்லை. இரண்டு வருடம் உயிரோடு இருந்த வில்லாளி, ஒரு மணித்தியாலக் குள்ளனை விடாமல் பிடித்தபடி, கரைக்கு ஒரு கட்டம் இருக்கும்போது ஆற்றில் விழுந்து செத்துப்போனாள்.