சத்தம் போடாத அடுப்பு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவின் முதல் காஸ் அடுப்பு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. அம்மா கேட்டு வரவில்லை, புடவைக்காக வந்தது. நூல் கொடுக்கும் முதலாளி ஒருநாள் வீட்டுக்கே வந்து, தறியிலிருந்து அப்போதுதான் அறுத்த பட்டுப் புடவையை மூக்கருகே கொண்டுபோனார். “இன்னாப்பா, முகூர்த்தப் பொடவையில கிருஷ்ணாயில் நாத்தம் அடிக்குது?” என்றார். கூடத்தில் தறி, அடுத்த அறையில் மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். அடிக்காமல் என்ன செய்யும்? அப்பா அலைந்து திரிந்து, சில மாதங்களில் சிலிண்டரைக் கொண்டுவந்து இறக்கினார்.

பம்ப் ஸ்டவ் எரிந்தால் வீடே இரையும். அம்மாவும், எங்களோடு இருந்த அத்தையும் அந்த இரைச்சலுக்குள் தலையோடு தலை சேர்த்துப் பேசுவது தறிக்குக் கேட்காது. காஸோ சத்தமே இல்லாமல் எரிந்தது. முதல் நாளே, அறுந்த இழையை முடிச்சுப் போடத் தறியை நிறுத்திய அப்பாவுக்கு அவர்கள் சிரித்தது கேட்டுவிட்டது.

“அங்க இன்னா சிரிப்பு?”

“ஒண்ணுமில்லீங்க.”

அதன்பிறகு சமையலறையில் பேச்சே இல்லை. ஒரு வாரம் கழித்து அம்மா, வெந்நீர் வைக்க என்று சொல்லி, பழைய ஸ்டவ்வைக் கொல்லைக்குக் கொண்டுபோனாள். நாற்றம் தறிக்கு எட்டாது என்று அப்பாவும் விட்டுவிட்டார்.

ஒரு சனிக்கிழமை மதியம் கொல்லைப் பக்கம் போனேன். ஸ்டவ் ஓவென்று எரிகிறது. அதன்மேல் பாத்திரமே இல்லை. அத்தை கரித்துணியை மூக்கருகே பிடித்து, அச்சு அசல் முதலாளியாக, “இன்னாப்பா!” என்கிறாள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரிக்கிறாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எரிபொருளை வீணாக்கக் கூடாது என்று வாத்தியார் சொல்லியிருந்தார். கூடத்துக்கு ஓடினேன்.

“அப்பா, ஸ்டவ் மேல ஒண்ணுமே இல்லப்பா. சும்மா எரிஞ்சிக்கினு இருக்குது!”

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். மறுநாளே ஸ்டவ் பழைய பித்தளை வாங்குபவரிடம் போய்விட்டது.

“நீ நல்லா படிப்படா,” என்றாள் அத்தை. எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் பள்ளியில், வீட்டு அடுப்பைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். புகை இல்லை, கரி இல்லை என்று எழுதிவிட்டு, எங்கள் சமையலறையில் இப்போது சத்தமே இல்லை, சோறு கொதிப்பது தறிவரை கேட்கிறது என்றும் எழுதினேன். வாத்தியார் சிவப்பு மையில் ‘நன்று’ போட்டார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்பருகே நின்று உரக்கப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, சோறு பதம் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

பாவம், அவளுக்குப் பாராட்டத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.