மண்டையை உடைத்தவருக்கு விருந்து

எங்கள் வீட்டு ஆண்களுக்கு இரண்டு வேலைதான் ஒழுங்காகத் தெரியும். ஒன்று தின்பது, இன்னொன்று அடித்துக்கொள்வது. கல்யாணமாகி காத்திவாக்கத்துக்கு வந்த முதல் வாரமே, ஒரு கொடுவா மீன் தலைக்காக என் மாமனாரும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். குழம்பில் அந்த ஒரு தலைதான் இருந்தது. அதற்கப்புறம் எத்தனை பேர் சாப்பிட வந்தாலும் நான் குழம்பைக் குறைவாக வைத்ததே இல்லை. சட்டி நிறைய இருந்தால் சண்டை கொஞ்சம் தள்ளிப்போகும். என் சமையல் வித்தை மொத்தமும் அவ்வளவுதான்.

இந்த முறை தள்ளிப்போகவில்லை.

கழிமுகத்தில் எறா பிடிக்க எங்கள் ஊரில் முறை உண்டு. எந்த வாய்க்காலில் எந்த வாரம் யார் வலை கட்டலாம் என்பதை ஊர்தான் சொல்லும். மாமனார் போன பிறகு அவருடைய வாய்க்கால் ஒரு வாரம் மூத்தாருக்கு, மறுவாரம் என் புருஷனுக்கு என்று பேச்சானது. மூத்தார் என்றால் என் புருஷனுடைய கூடப்பிறந்த அண்ணன். சுவருக்கு அந்தப் பக்கம்தான் வீடு. என் புருஷன் தன்னுடைய வாரத்தில் காய்ச்சலோடு சுருண்டு கிடந்தார். எழுந்ததும், அண்ணன்தானே, என்ன சொல்லிவிடப் போகிறார் என்று அவருடைய வாரத்தில் போய் வலையைக் கட்டிவிட்டார். அண்ணன் ஒன்றுமே சொல்லவில்லை. படகு தள்ளுகிற கழியைத் திருப்பிப் பிடித்து மண்டையில் ஒரே போடு.

ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கியபோது நான் நண்டு உடைத்துக்கொண்டிருந்தேன். தலையில் சுற்றியிருந்த துண்டிலிருந்து ரத்தம் வாசல் வரைக்கும் சொட்டியது. அவரை உள்ளே படுக்க வைக்கக்கூட நான் நிற்கவில்லை. கையில் இருந்த கத்தியோடு பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று கதவை எட்டி உதைத்தேன். அன்றைக்கு நான் பேசிய பேச்சை எழுத முடியாது, எழுதினால் காகிதம் நாறும். கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி சத்தம் மட்டும் கேட்டது.

நானாவது கத்தினேன். என் பிள்ளை கத்தவில்லை. மணலி பக்கம் கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறான், மீசை முளைத்து வருஷக்கணக்காகிறது. வீட்டில் மூன்று தட்டுச் சோறு தின்கிறவன், கையளவு பிசைந்துவிட்டு எழுந்தான். பெரியப்பா வீட்டைத் தாண்டும்போது பைக்கை மெதுவாக விட்டான். ஒரு நாள் காய்கறிப் பையை வைக்க அந்த பைக்கின் சீட்டைத் தூக்கினேன். உள்ளே லுங்கித் துணியில் சுற்றி ஒரு பட்டாக்கத்தி.

ஜெயில் வாசலில் மனு போட்டுவிட்டு வெயிலில் நிற்கிற அம்மாக்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். பிள்ளைக்குப் பிடித்த கருவாட்டுத் தொக்கை டப்பாவில் கட்டிக்கொண்டு போய், உள்ளே விட மாட்டோம் என்றதும் அதைத் திரும்பத் தூக்கி வருகிறவர்கள். நானும் அப்படி நிற்கப் போகிறேன் என்பது எனக்கு அந்த சீட்டுக்கு அடியிலேயே தெரிந்துவிட்டது. நேராக ஊர்ப் பெரியவர்களிடம் போய், சமாதானம் பண்ணி வையுங்கள் என்றேன். இவளா கேட்கிறாள் என்று அவர்களே ஒரு மாதிரி பார்த்தார்கள்.

எங்கள் ஊரில் சமாதானம் என்றால் சாப்பாடு. அடித்தவர் அடிபட்டவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கை நனைக்க வேண்டும். அடிபட்ட வீட்டுக்காரி தன் கையால் ஆக்கிப் போட வேண்டும். பெரியவர்களும் அதே பந்தியில் உட்கார்ந்து அதே குழம்பைத் தின்பார்கள். இலை எடுத்தபிறகு பழையதை யார் கிளறினாலும், யார் முறை தவறினாலும், அந்தக் குடும்பத்தை ஊர் தள்ளி வைக்கும். இதைக் கண்டுபிடித்தது எந்த மகராசனோ, நிச்சயமாக அடுப்படியில் நின்றவன் இல்லை. மண்டையை உடைத்தவனுக்கு மணக்க மணக்க ஆக்கிப் போடு என்று சொல்ல அப்படிப்பட்டவனுக்குத்தான் வாய் வரும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆரம்பித்தேன். வஞ்சிரம் துண்டு போட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் மனசில் ஒரு கழுத்து இருந்தது. தேங்காயை வாசல் படியில் அடித்து உடைத்ததில் சில்லு தெறித்து கன்னத்தில் பட்டது. மிக்ஸியில் மிளகாய் அரைக்கும்போது, "அரைபடுடா, நல்லா அரைபடு" என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளே தலைக்கட்டோடு படுத்திருந்த என் புருஷன், "யார்கிட்ட பேசிகினு கீற?" என்றார். "உங்க அண்ணங்கிட்டதான்" என்றேன். சிரித்தார். சிரித்தால் தையல் இழுக்கும், இழுத்தது, "ஐயோ" என்றார். எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

அப்போதுதான் பிள்ளை ஒரு கவரைக் கொண்டுவந்து மேடையில் வைத்தான். ஓடு உரித்து, நரம்பெடுத்து, கழுவின எறா. நல்ல பெரிசு.

"ஏதுடா?"

"மார்க்கெட்ல. உரிச்சே குடுத்தாங்கோ. பெரியப்பாவுக்கு எறான்னா உசுரு இல்ல? தொக்கு வை."

தண்ணீர் மொண்டு குடிக்கக்கூட எழுந்து வராத பிள்ளை, சமாதான விருந்துக்கு எறா வாங்கி வந்திருக்கிறான். மனசு இளகிவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகையே வந்துவிட்டது. அம்மாக்காரிகளுக்கு அறிவு எப்போது வேலை செய்யும், பிள்ளை விஷயத்தில்? பூண்டைத் தட்டிப்போட்டு, வெங்காயம் சிவக்க வதக்கி, அந்த வருஷத்திலேயே நல்ல தொக்காக ஒன்று வைத்தேன்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதுதான் உப்பு பார்த்தேன்.

எங்கள் வாய்க்காலில் அனல் மின் நிலையத்துப் பக்கத்திலிருந்து சுடுதண்ணீர் வந்து கலக்கும். அடியில் சாம்பல் படிந்த சேறு. அங்கே வளர்ந்த எறாவை மஞ்சள் போட்டு எத்தனை தடவை அலசினாலும், கடைசியில் நாக்கின் ஓரத்தில் சுண்ணாம்பு மாதிரி ஒரு கசப்பு நிற்கும். வெளியாட்களுக்குத் தெரியாது, எங்கள் ஊரில் பல் முளைத்த பிள்ளைக்கும் தெரியும். அந்தக் கசப்பு என் நாக்கில் நின்றது. இந்த வாரம் மூத்தாருடைய வாரம். பந்தியில் யார் நாக்கில் பட்டாலும், முறை தவறியது எங்கள் வீடு என்று தெரிந்துவிடும்.

திரும்பினேன். பிள்ளை அடுப்படி வாசலில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையை வெளியே விட்டிருந்தான். இடுப்பில் துணிக்கு அடியில் நீளமாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது.

"அவன் எறாவையே அவனுக்குப் போட்றேன்" என்றான் மெதுவாக. "துன்னட்டும். மொத்தப் பந்தியும் துன்னட்டும். அவன் மொதல்ல கை ஓங்கட்டும், அப்பால நான் பாத்துக்கறேன்."

தொக்குச் சட்டியை மூடி சிலிண்டருக்குப் பின்னால் தள்ளினேன். வெளியே பெரியவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள், மூத்தார் சுவர் ஓரமாகத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அவர் மனைவி, என் ஓர்ப்படி. இலை போட்டு, சோறு போட்டு, குழம்பு ஊற்றி, வறுத்த மீனை வைத்தேன். கண் பிள்ளை மேலேயே இருந்ததில் ஊர்ப் பெரியவர் ஒருவருடைய மடியில் குழம்பு சிந்தியது. அவர் துண்டால் துடைத்துக்கொண்டார். மூத்தார் முதல் வாய் வைத்ததும் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து பிள்ளை நான் ஒளித்த தொக்குச் சட்டியோடு வந்தான். நேராகப் பெரியப்பா எதிரில் குந்தி உட்கார்ந்தான். ஒரு கரண்டி எடுத்து அவர் இலையில் வைத்தான். சட்டி தொடை இடுக்கில், வலது கையில் கரண்டி, இடது கை இடுப்பில்.

"துன்னு பெரீப்பா. உனக்காகவே எட்தாந்தது."

மூத்தார் ஒரு எறாவை எடுத்து வாயில் போட்டார். இரண்டு தடவை மென்றார். தாடை நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்ததை நான் பார்த்தேன். கழி தூக்கிய அன்றைக்கும் இப்படித்தான் புடைத்திருக்கும். அவர் கண் என் பிள்ளையின் முகத்துக்குப் போய், அங்கிருந்து அவன் இடது கைக்கு இறங்கி, கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

பக்கத்திலிருந்த பெரியவர் இலையைத் தட்டினார். "இன்னாப்பா, எறா அவருக்கு மட்டுந்தானா? இந்தாண்டயும் ரெண்டு கரண்டி வையி."

மூத்தார் கையை நீட்டி என் பிள்ளையிடமிருந்து சட்டியைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் பிள்ளை பின்னால் சாய்ந்து தரையில் கையை ஊன்றினான். நான் கத்திவிட்டேன். அவர் சட்டியை அப்படியே தன் இலையில் கவிழ்த்தார்.

"யாருக்கும் கெடையாது" என்றார். "புள்ள எனக்குன்னு எட்தாந்துகீறான். நானே துன்னுவேன்."

தின்றார். சோறுகூடப் பிசையாமல், வாய் கொள்ளாமல் அள்ளி அள்ளித் தின்றார். பெரியவர்கள் சிரித்தார்கள். ஓர்ப்படிக்கு மானம் போயிற்று. "வூட்ல பார்க்காத மாரி துன்றியே, கலீஜா கீது, அவங்களுக்கும் வையேன்" என்று தொடையில் கிள்ளினாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டு, இலையில் ஒட்டியிருந்த மசாலாவையும் விரலால் வழித்து நக்கினார். ஒரு எறாவும் மிச்சமில்லை, ஒருவரும் ருசி பார்க்கவில்லை. என் பிள்ளை தரையில் ஊன்றிய கையை எடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இலை எடுத்தார்கள். சண்டை முடிந்தது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டு வெற்றிலை கேட்டார்கள். நான் பின்பக்கம் குழாயடியில் மூத்தாருடைய கையில் தண்ணீர் ஊற்றினேன். என் புருஷனுடைய மண்டையை உடைத்த கை. அதில் தண்ணீர் ஊற்ற எனக்கு அப்போதும் பிடிக்கவில்லை, கொதிக்கிற தண்ணீராக இருந்தால் தேவலை என்றுதான் இருந்தது. நன்றி என்று ஏதாவது சொல்ல வேண்டும் போலவும் இருந்தது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"இருட்டோட தனியா எறங்கிகீறான்."

நான் இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.

"அவனுக்கு இன்னா தெரியும் அந்த வாய்க்கால? சாம்ப சேறும்மா அது. இடுப்பு வரைக்கும் புடிச்சி இஸ்துக்கும், நம்மாளுங்களே ரெண்டு பேராதான் எறங்குவோம். போயிருந்தா எவன் தூக்கியாருவான்? நாங்க கூடையும் வலையுமா தேடிகினு இருந்திருப்போம்."

துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரைச் சுற்றித் தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

செம்பு என் கையிலேயே இருந்தது. அந்தக் கத்தியைப் பார்த்த நாளிலிருந்து இவன் யாரைக் குத்துவானோ என்றே செத்துக்கொண்டிருந்தவள் நான். காலையில் அந்தக் கவரை வைத்தபோது அவன் முட்டி வரைக்கும் சாம்பல் பூத்திருந்ததைப் பார்த்தேன், யார்டில் ஒட்டிய தூசி என்று நினைத்துவிட்டு வெங்காயத்தை எடுத்தேன். பெற்றவளுக்கு வர வேண்டிய பயம் அது. வாயில் எறாவை வைத்துக்கொண்டு, எதிரில் கத்தியைப் பார்த்துக்கொண்டு, அந்த ஆளுக்கு வந்திருக்கிறது.

உள்ளே போனேன். பிள்ளை அடுப்படியில் காலிச் சட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். "அவருக்குத் தெரிஞ்சிச்சாம்மா?" என்றான். கையில் கிடைத்த கரண்டியை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன். தோளில், முதுகில், எங்கே பட்டதோ அங்கே. அவன் கையைக்கூடத் தூக்கவில்லை. என் புருஷன் தலைக்கட்டோடு எழுந்து ஓடிவந்து, "சமாதானம் ஆன வூட்ல இன்னாடி இது" என்று என்னைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை.