பேய்தான் பேசுது என்றேன்

குழந்தைகளே, நான் நாகலூர்ப் பக்கம் காபி எஸ்டேட்டில் கூலி வேலை செய்கிறேன். பதினொன்றாவது படிக்கும் என் மகள் கொஞ்ச நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை. பொழுது சாய எஸ்டேட் வழியாகத் தனியே வந்ததில் காத்துக் கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டினோம்.

"பேயெல்லாம் இல்லீங்கப்பா. எனக்கு உசுரோட இருக்கவே புடிக்கலீங்க" என்றாள்.

"பாத்தியா, பேசறது அவ இல்ல, பேய்தான்" என்றேன் அவள் அம்மாவிடம்.

மறுநாள் அவள் உயிரை விடப் பார்த்தாள். பக்கத்து ஊட்டு அக்கா பார்த்ததால் பிழைத்தாள்.

இப்போது சேலத்தில் மனநல டாக்டரிடம் காட்டுகிறோம். இன்னும் முகத்தில் சிரிப்பில்லை. என்னிடம் எதுவும் சொல்வதுமில்லை. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். வேலை விட்டு வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து, "சொல்லு கண்ணு" என்று கேட்டுக் காத்திருக்கிறேன்.

உங்களுக்கும் இப்படித் தோன்றினால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டில் நம்பாவிட்டால் டீச்சரிடம் சொல்லுங்கள் சாமி. யாராவது நம்பும்வரை சொல்லுங்கள்.