முந்நூறு மெழுகுவர்த்தி ரெத்தினதாஸ்

என் அக்கா ரத்னபாயைக் கட்டிக்கொண்ட ரெத்தினதாஸ் அத்தான் உலகத்தையே மெழுகுவர்த்தியால் அளந்தவர். கல்யாணம், சபைப் பண்டிகை, பொதுக்கூட்டம் என்று எதுவானாலும் பாறசாலைப் பக்கத்தில் கேஸ் லைட் கொடுப்பவர் அவர்தான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பம்பு அடித்தால் வெள்ளையாக எரியுமே, அந்த விளக்கு. அவரிடம் இரண்டு இருந்தன. இரண்டின் பித்தளைத் தொட்டியிலும் 300 காண்டில் பவர் என்று இங்கிலீஷில் பொறித்திருக்கும். முந்நூறு மெழுகுவர்த்தியைச் சேர்த்துக் கொளுத்தினால் வருகிற வெளிச்சம் அந்த ஒற்றை விளக்கில் உண்டு என்று அர்த்தம். இதை அவர் எடுத்துச் சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது. சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறார்.

ஊர் அவருக்கு 'முந்நூறு' என்றே பெயர் வைத்துவிட்டது. அவருக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம். புதுப்பெண் மேடையேறினால் எத்தனை மெழுகுவர்த்தி என்று என் காதில் சொல்வார். போதகரின் பிரசங்கம் பெரும்பாலும் பத்தைத் தாண்டாது. நான் டிரெயினிங் முடித்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் டீச்சராகச் சேர்ந்த அன்று எனக்கு நூற்றைம்பது போட்டார். அக்காவுக்கு எவ்வளவு என்று கேட்டால் மட்டும் எழுந்து கிணற்றடிக்குப் போய்விடுவார்.

வாய் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான் அவரிடம் உள்ள குறை. அந்த வாய்தான் அவரை மாட்டிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்து நான்கு. எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருப்பதா, மெட்ராஸோடு சேர்வதா என்று வீட்டுக்கு வீடு சண்டை நடந்த காலம். சேர வேண்டும் என்ற எங்கள் பக்கத்துக்கு இங்கே செயலாளர் தங்கையன். கொப்பரை வியாபாரி, அத்தானோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர். நல்ல மனுஷன்தான், மைக் இல்லாமலே மைக் வைத்த மாதிரி பேசுவார். அவர் பேச்சைப் பற்றி அத்தான் ஒருநாள் சந்தையில், "அஞ்சு மெழுகுவர்த்தி இருக்கும், புகைதான் கூடுதல்" என்று சொல்லிவைத்தார். அது தங்கையன் காதுக்குப் போக ஒரு மணி நேரம் ஆகவில்லை.

அடுத்த வாரம் ஒரே சாயங்காலத்தில் இரண்டு கூட்டம். எங்கள் கூட்டம் பனைவிளை மைதானத்தில். இங்கேயே இருக்க வேண்டும் என்பவர்களின் கூட்டம் நாற்சந்தி முக்கில், சோமனின் சாயாக்கடைக்கு முன்னால். இரண்டு பேரும் அத்தானிடம்தான் லைட் சொன்னார்கள். அவர் மைதானத்தில் ஒன்றைப் பற்றவைத்து எங்கள் ஆட்கள் கையில் கொடுத்துவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு முக்குக்குப் போனார். முதலில் வந்து சொன்னவன் சோமன் என்பதால் அங்கேயே நின்றுகொண்டார்.

மைதானத்தில் தங்கையன் தீர்மானத்தை வாசிக்க எழுந்தார். எழுத்து தெரியவில்லை. காகிதத்தைக் கண்ணுக்கு முன்னும் பின்னும் கொண்டுபோனார். இரண்டாவது வரியை இரண்டு தடவை வாசித்தார், நான்காவதை வாசிக்கவே இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். அதே நேரம் முக்கில் வெளிச்சம் பகல் மாதிரி இருந்தது என்று மறுநாள் காலையில் செய்தி வந்தது. அவ்வளவுதான். ரெத்தினதாஸ் நல்ல லைட்டை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு மங்கலை நமக்குத் தள்ளிவிட்டான், காட்டிக்கொடுத்தவன் என்று ஊரெல்லாம் பேச்சு.

விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். முடியவில்லை. அறுப்பின் பண்டிகைக்கு லைட் வேண்டாம் என்று சபையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். தங்கையன் எதிரில் வந்தால் வேலியோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அத்தான் மூன்று நாள் யாருக்கும் மெழுகுவர்த்தி போடவில்லை. சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷச் சினேகிதன் துரோகி என்று சொல்லிவிட்டானே என்பதை அவரால் தாங்க முடியவில்லை. எனக்கோ கோபம் மூக்கு நுனியில்தான் எப்போதும் இருக்கும். யாரிடமும் கேட்காமல் தங்கையனின் கொப்பரைக் கடைக்குப் போனேன். சனிக்கிழமை மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்துக்கு வாரும், இரண்டு லைட்டையும் எல்லார் கண்முன்னாலும் அளந்து காட்டுகிறேன் என்றேன். வெளிச்சத்தை அளக்க முடியுமா என்று சிரித்தார். அரிசி அளக்கிற நாழியை எடுத்துக்கொண்டு வரட்டுமா என்றும் கேட்டார்.

அளப்பது கஷ்டமே இல்லை. வெள்ளைக் காகிதத்தின் நடுவில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். காகிதத்துக்கு ஒரு பக்கம் மெழுகுவர்த்தி, மறுபக்கம் கேஸ் லைட். ஒரு பக்கம் வெளிச்சம் கூடினால் எண்ணெய்ப் பொட்டு தனியாகத் தெரியும். இரண்டு பக்கமும் சமமானால் பொட்டு காகிதத்தோடு கலந்து மறைந்துவிடும். மெழுகுவர்த்தியை ஓரடியில் நிறுத்திவிட்டு, பொட்டு மறைகிறவரை லைட்டைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். எத்தனை அடியோ அதை அதனாலேயே பெருக்கினால் அத்தனை மெழுகுவர்த்தி. முந்நூறு வேண்டுமென்றால் பதினேழடியைத் தாண்டியாக வேண்டும்.

இதை முந்தின நாளே அத்தானிடம் சொன்னது என் தப்பு. சனிக்கிழமை அவர் விரல் பருமன்கூட இல்லாத ஒரு மெழுகுவர்த்தியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். மெலிந்த மெழுகுவர்த்தியை வைத்து அளந்தால் லைட்டின் கணக்கு கூடுமல்லவா! நான் அதைப் பிடுங்கி மேசை டிராயரில் போட்டுவிட்டு, சபைக் கோவிலில் கொளுத்துகிற சாதாரண மெழுகுவர்த்தியை வைத்தேன்.

ஜன்னலையெல்லாம் சாக்கால் மூடினோம். தங்கையன் முன்பெஞ்சில். சோமனும் வந்திருந்தான், அவனுடைய ஆட்களோடு. முதல் லைட்டைப் பின்னால் நகர்த்தினோம். பத்தடி, பன்னிரண்டு, பதிமூன்று. பதினாலில் பொட்டு மறைந்தது. இரண்டாவது லைட்டும் அதே பதினாலில், ஓர் அங்குலம் கூடவுமில்லை குறையவுமில்லை. பதினாலைப் பதினாலால் மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். முந்நூறுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

அத்தான் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார், ரெண்டும் ஒண்ணுதான்னு மட்டும் சொன்னால் போதாதா, கணக்கு எதற்கு என்று. போதும்தான். ஆனால் தங்கையன் விடவில்லை. முந்நூறு உண்டா இல்லையா, அதை மறைத்தால் மற்றதை எப்படி நம்புவது என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். அக்கா ஜன்னலோரமாக நின்று முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் சுவரிலிருந்த கரும்பலகைக்குப் போய் அவரே பெருக்கினார். பிறகு திரும்பி நின்றார்.

"நூத்தித்தொண்ணூத்தாறு ஆக்கும். முந்நூறு இல்ல. பதினோரு வருஷம் நான் சொன்னது தப்பு. ஆனா எலே தங்கையா, ரெண்டும் ஒண்ணுதான். நான் உனக்கு மங்கலத் தரல்ல."

யாரும் சிரிக்கவில்லை. தங்கையன் தலையைக் குனிந்துகொண்டு, அப்படியானால் அன்றைக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்டார். சோமன்தான் பதில் சொன்னான். எங்கள் லைட் பந்தல் கழியில் எட்டடியில் தொங்கியது, உங்களுடையதைப் பனை உச்சியில் அல்லவா பார்த்தோம், முக்கில் இருந்தே நல்ல பிரகாசமாகத் தெரிந்ததே என்றான். விஷயம் வெளியே வந்தது. அத்தான் முக்குக்குப் போன பிறகு, எதிர்க்கட்சிக்காரன் கண்ணில் நம் வெளிச்சம் குத்த வேண்டும் என்று தங்கையனே லைட்டைக் கயிறு கட்டி இருபத்து நாலடி ஏற்றியிருக்கிறார். உயரம் மூன்று மடங்கானால் கீழே விழுகிற வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்குதான். அன்றைக்கு எங்கள் விளக்கைச் சுகமாக அனுபவித்தது எதிர்க்கட்சி. தங்கையன் எழுந்து வந்து அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார். அறுப்பின் பண்டிகைக்கு லைட் உண்டு என்று மறுநாளே ஆள் வந்தது.

பெயர்தான் மாறிப்போனது. 'நூத்தித்தொண்ணூத்தாறு' என்று முழுசாகக் கூப்பிட நேரமாகும் என்றாலும் எங்கள் ஊர்க்காரர்கள் அந்தச் சிரமத்தைச் சந்தோஷமாகப் பட்டார்கள். அத்தானும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்த்தார்.

ஐம்பத்தாறு நவம்பர் முதல் தேதி எல்லைக் கோடு விழுந்தது. எங்களை அடுத்த விளவங்கோடு மெட்ராஸுக்குப் போனது. நாங்கள் கேரளத்தில் நின்றுபோனோம். அன்று சாயங்காலம் பனைவிளை மைதானத்தில் தங்கையன் ஒரு சின்னக் கூட்டம் வைத்தார், இத்தனை வருஷம் கூட நின்றவர்களுக்கு நன்றி சொல்ல. அத்தான் லைட்டின் கண்ணாடியைத் துடைத்து, புது மேண்டில் வலை கட்டி, அதை அவர் கையாலேயே எட்டடியில் தொங்கவிட்டார். வெளிச்சம் அருமையாக இருந்தது. ஒவ்வொருவர் முகமும் தெரிந்தது.

தங்கையன் காகிதத்தைப் பிரித்தார். எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிந்திருக்கும். அவர் வாசிக்கவில்லை. துண்டால் கண்ணைத் துடைத்தார். எல்லாரும் அவர் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் அத்தான் பக்கம் திரும்பினார்.

"எலே நூத்தித்தொண்ணூத்தாறு, காத்தைக் கொஞ்சம் இறக்குடே."

அத்தான் போய்த் திருகாணியைத் திருப்பினார். உஸ்ஸென்று காற்று இறங்க, விளக்கு சுருங்கியது. எத்தனை மெழுகுவர்த்தி குறைந்தது என்று அன்றைக்கு அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.